நுனியில் ஒரு 50 ஓம்

1990-களில் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அந்தக் கறுப்புக் கேபிள் நினைவிருக்கலாம். ஒவ்வொரு கணினியின் பின்புறத்திலும் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஓர் உலோகத் துண்டு செருகியிருக்கும். அதன் ஒரு கையில் இடப்பக்கத்துக் கணினியிலிருந்து வரும் கேபிள், மறு கையில் வலப்பக்கத்துக் கணினிக்குப் போகும் கேபிள். இப்படியே மேசை மேசையாகப் போய்க் கடைசிக் கணினியில் கேபிள் நின்றுவிடும். அந்தக் கடைசி ‘டி’யின் வெளிப்பக்கக் கையை மட்டும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். கட்டைவிரல் நுனி அளவில் ஒரு மூடி அங்கே திருகியிருக்கும்.

பார்த்தால் தூசி புகாமல் தடுக்க வைத்த மூடி போலத்தான் இருக்கும். யாராவது விளையாட்டாகவோ, மேசையை நகர்த்தும்போது தெரியாமலோ அதைக் கழற்றிவிட்டால், அந்த ஒரு கணினி மட்டும் நிற்காது. வரிசையில் உள்ள அத்தனை கணினிகளும் நின்றுவிடும். சர்வர் கண்ணுக்குத் தெரியாது, அச்சுப்பொறி வேலை செய்யாது, பாதியில் இருந்த கோப்பு பாதியிலேயே நிற்கும்.

அந்த மூடிக்குப் பெயர் டெர்மினேட்டர். உள்ளே 50 ஓம் மின்தடை ஒன்று, அவ்வளவுதான். மின்சாரம் தருவதில்லை, தகவலைச் சேமிப்பதில்லை, எதையும் கணக்கிடுவதும் இல்லை. கேபிளின் நுனியில் இருக்கும் அதைக் கழற்றினால் நடுவில் இருக்கும் கணினி ஏன் ஊமையாக வேண்டும்? ‘சிக்னல் எதிரொலித்துத் திரும்பும்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் விடை. அது சரிதான், ஆனால் பாதி விடை. மீதிப் பாதி இன்னும் சுவையானது.

கதை அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் தொடங்குகிறது. 1973 மே மாதம் ராபர்ட் மெட்கால்ஃப் அங்கே ஒரு குறிப்பு எழுதினார். கணினிகளை எல்லாம் ஒரே கேபிளில் கோத்துவிடலாம், யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கட்டும், யாருக்கு அனுப்பிய செய்தியோ அவர் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹா வானொலி வலையமைப்பு இதற்கு முன்மாதிரி. அங்கே எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசினார்கள்; மெட்கால்ஃப் வானொலிக்குப் பதிலாகக் கேபிளை வைத்தார். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் கட்டிய முதல் ஈதர்நெட் நொடிக்கு 29.4 லட்சம் பிட் வேகத்தில் ஓடியது. 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து நொடிக்கு ஒரு கோடி பிட் வேகத்துக்கான விதிமுறையை வெளியிட்டன.

அந்த முதல் தலைமுறைக் கேபிளைக் கையாள நல்ல உடல் பலம் வேண்டும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன், பெரும்பாலும் மஞ்சள் நிறம், எளிதில் வளையாது. ஒரு துண்டு 500 மீட்டர் வரை போகலாம், அதில் 100 கணினிகள் வரை இணைக்கலாம். இணைப்பதற்குக் கேபிளை வெட்டத் தேவையில்லை. உறையில் துளை போட்டு, நடுக்கம்பியைத் தொடும்படி ஓர் ஊசியை இறக்குவார்கள். இரத்தம் குடிக்கும் பேயின் பல்லை நினைவுபடுத்தியதால் ‘வேம்பயர் டேப்’ என்று அதற்குப் பெயர் வந்தது. கண்ட இடத்தில் துளை போடவும் முடியாது. கேபிளின் மேல் 2.5 மீட்டருக்கு ஒரு வளையக் குறி அச்சிட்டிருக்கும், அந்தக் குறிகளில்தான் போடவேண்டும். ஒவ்வொரு துளையும் சிக்னலில் ஒரு சிறு துளியைத் திருப்பி அனுப்பும். அந்தத் துளிகள் ஒன்றுகூடிப் பெரிதாகிவிடாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி. கேபிள் துண்டுகளைக்கூட 23.4, 70.2, 117 மீட்டர் என்ற விநோதமான நீளங்களில் வெட்டச் சொன்னார்கள். ஒட்டுப்போடும் இடங்களிலிருந்து திரும்பும் எதிரொலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளக் கூடாதே என்ற கவலை. வடிவமைத்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

இந்தத் தடிக் கேபிளின் விலையும் வேலையும் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. பிறகு வந்ததுதான் ஆய்வகங்களில் நாம் பார்த்த மெல்லிய கறுப்புக் கேபிள். ஆர்ஜி-58 வகை, விதிமுறையில் 10பேஸ்-2 என்று பெயர், பேச்சு வழக்கில் ‘தின்நெட்’, கொஞ்சம் கேலியாக ‘சீப்பர்நெட்’. அதிகபட்ச நீளம் 185 மீட்டர், ஒரு துண்டில் 30 இணைப்புகள், இரண்டு இணைப்புகளுக்கு இடையே அரை மீட்டராவது இருக்க வேண்டும். துளை போடும் வேலை போய், திருகி மாட்டும் பிஎன்சி கனெக்டர் வந்தது. தடித்ததோ மெல்லியதோ, இரண்டு நுனியிலும் 50 ஓம் வைக்கும் விதி மட்டும் மாறவில்லை.

இந்த 50 எங்கிருந்து வருகிறது? கோஆக்சியல் எனப்படும் இந்த வகைக் கேபிளின் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி பிளாஸ்டிக் காப்பு, அதன்மேல் பின்னல் வலை, எல்லாவற்றுக்கும் மேல் உறை. கம்பியின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தால் 50 வராது. 185 மீட்டர் போய்த் திரும்பும் கம்பிக்கும் வலைக்கும் சேர்த்தே 10 ஓமுக்குள்தான் இருக்கும். 50 என்பது வேறு சங்கதி. கேபிளில் ஓடும் ஒரு துடிப்பின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் அது. கம்பி எவ்வளவு தடிமன், வலை எவ்வளவு விலகி இருக்கிறது, நடுவில் உள்ள பிளாஸ்டிக் எந்த வகை என்பவை சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. பொறியாளர்கள் இதை இம்பீடன்ஸ் என்பார்கள்.

துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும் வரை எல்லாம் ஒழுங்கு. நுனிக்கு வந்ததும் கம்பி முடிந்துவிடுகிறது, மின்னோட்டம் போக வழியில்லை. ஆற்றல் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? வந்த வழியே திரும்புகிறது. கோயில் குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலை படிக்கட்டில் மோதித் திரும்பும். மணல் சரிவாக இறங்கும் ஏரிக்கரையில் அதே அலை அடங்கிப்போகும். நுனியில் வைத்த 50 ஓம் மின்தடை அந்த மணல் சரிவு. கேபிள் எந்த விகிதத்தில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சுமந்து வந்ததோ அதே விகிதத்தில் மின்தடை வாங்கிக்கொண்டு, வந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கிவிடுகிறது. கேபிள் முடிந்துபோனது துடிப்புக்குத் தெரிவதே இல்லை. நுனி வெட்டவெளியாக இருந்தால் துடிப்பு அப்படியே திரும்பும்; கம்பியும் வலையும் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருந்தால் தலைகீழாகத் திரும்பும்.

எவ்வளவு சீக்கிரம் திரும்பும்? ஆர்ஜி-58 கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 65 சதவீதத்தில் ஓடும். அதாவது நொடிக்குச் சுமார் 1,95,000 கிலோமீட்டர். ஈதர்நெட்டில் ஒரு பிட் அனுப்ப ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். கணக்குப் போட்டால் கேபிளில் ஒரு பிட்டின் நீளம் 19.5 மீட்டர். 185 மீட்டர் கேபிளில் ஒரே நேரத்தில் ஒன்பதரை பிட் வழியில் இருக்கும். முன்னால் போன பிட் எதிரொலித்துத் திரும்பும்போது, பின்னால் வரும் பிட்டின்மேல் மோதிக் குழப்பும்.

இதுவரை வழக்கமான விளக்கம். ஆனால் இது மட்டும்தான் காரணம் என்றால், இரண்டு கணினிகளை ஐந்தே மீட்டர் கேபிளால் இணைத்த வலையமைப்பு டெர்மினேட்டர் இல்லாமலும் ஓடவேண்டும். எதிரொலி ஏறக்குறைய அரை பிட் நேரத்தில் திரும்பி வந்துவிடுமே, பெரிய குழப்பத்துக்கு இடமில்லையே? ஆனாலும் பெரும்பாலும் ஓடாது. எதிரொலிக்கு இதில் பங்கு குறைவு. காரணம் மின்னழுத்தக் கணக்கில் இருக்கிறது.

ஒரே கேபிளில் எல்லோரும் பேசலாம் என்றால் இருவர் ஒரே நேரத்தில் வாய் திறக்கும் ஆபத்தும் உண்டு. அதற்குப் பெயர் மோதல். மோதல் நடந்ததை ஒவ்வொரு கணினியும் உடனே உணர்ந்து, பேச்சை நிறுத்தி, ஆளுக்கொரு விதமாகச் சற்றுக் காத்திருந்து மறுபடி முயலவேண்டும். மெட்கால்ஃபின் திட்டத்துக்கே ஆதாரம் இதுதான். கோஆக்சியல் ஈதர்நெட்டில் மோதலை உணரும் வழி மிகவும் எளிது: கேபிளில் சராசரி மின்னழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது.

பேசும் ஒவ்வொரு கணினியும் கேபிளுக்குள் சராசரியாக 41 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இடப்பக்க நுனியில் 50 ஓம், வலப்பக்க நுனியில் 50 ஓம். பக்க இணைப்பில் இரண்டும் சேர்ந்தால் 25 ஓம். 41 மில்லிஆம்பியரை 25 ஓமால் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு வோல்ட் வரும். ஒருவர் பேசினால் ஒரு வோல்ட், இருவர் சேர்ந்து பேசினால் இரண்டு வோல்ட். இரண்டுக்கும் நடுவே, ஒன்றரை வோல்ட்டை ஒட்டி, ஒரு கோட்டைப் போட்டுவிட்டார்கள். அதைத் தாண்டினால் மோதல் என்று அர்த்தம்.

இப்போது ஒரு டெர்மினேட்டரைக் கழற்றுங்கள். 25 ஓம் இருந்த இடத்தில் 50 ஓம். ஒரே ஒரு கணினி பேசினாலே 41 மில்லிஆம்பியர் இரண்டு வோல்ட்டை உண்டாக்கிவிடும். பேசத் தொடங்கிய கணினி, ‘அடடா, வேறு யாரோ பேசுகிறார்கள்’ என்று முடிவு கட்டுகிறது. பேச்சை நிறுத்தி, மோதல் நடந்ததை அறிவிக்கும் 32 பிட்டைக் கேபிளில் விட்டு, சற்று ஒதுங்கி, திரும்ப முயல்கிறது. மறுபடியும் இரண்டு வோல்ட். காத்திருக்கும் நேரத்தின் உச்சவரம்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. பதினாறு முறை முயன்றபின் கைவிட்டு, முடியவில்லை என்று மேலே அறிவிக்கிறது. வரிசையில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் இதே கதி.

கேபிள் செத்துப்போனதால் நின்ற வலையமைப்பு அல்ல அது. இல்லாத ஒருவருக்கு எல்லோரும் வழிவிட்டு நின்றதால் நின்றது. இந்தத் தவறான முடிவு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு தகவல் தொகுப்புக்கும் முன்னால் 64 பிட் முன்னோட்டம் உண்டு. அதை அனுப்பவே 6.4 மைக்ரோநொடி ஆகும். முழு நீளக் கேபிளின் கோடியிலிருந்து எதிரொலி திரும்ப இரண்டு மைக்ரோநொடி போதும். ஆக, யாருக்கு அனுப்புகிறோம் என்ற முகவரியைச் சொல்லத் தொடங்கும் முன்பே கணினி வாயை மூடிக்கொள்கிறது.

ஒன்று குறைந்தால் முழுவதும் நிற்கும். சரி, ஒன்று கூடினால்? இது இன்னும் மோசம். வரிசையை நீட்டிக்க வந்தவர் பழைய நுனியில் இருந்த டெர்மினேட்டரைக் கழற்றாமல், இன்னொரு ‘டி’யைப் போட்டுக் கேபிளைத் தொடர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று 50 ஓம்கள் சேர்ந்து பதினேழு ஓமுக்குக் குறைந்துவிடும். ஒருவர் பேசினால் 0.7 வோல்ட், இருவர் பேசினால் 1.4 வோல்ட். உண்மையாகவே மோதல் நடந்தாலும் கோட்டைத் தாண்டாது. வலையமைப்பு ஓடும், ஆனால் அவ்வப்போது தொகுப்புகள் காணாமல் போகும், வேகம் இறங்கும், எந்தக் கணினியிலும் தவறென்று ஒன்றும் தெரியாது. அடியோடு நின்றுபோனதைச் சரிசெய்வது சுலபம். இப்படி அரைகுறையாக ஓடுவதைக் கண்டுபிடிப்பதுதான் தலைவலி.

குழப்பத்துக்கு இன்னொரு வாசலையும் பிஎன்சி கனெக்டர் திறந்து வைத்தது. தொலைக்காட்சி வகை 75 ஓம் கேபிளுக்கும், ஆர்க்நெட் என்ற வேறொரு வலையமைப்பின் 93 ஓம் கேபிளுக்கும் அதே கனெக்டர்தான். கைக்குக் கிடைத்த டெர்மினேட்டரை மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 75 ஓம் போட்டால் துடிப்பின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கும், 93 ஓம் போட்டால் 30 சதவீதமும் திரும்பி வரும். பார்வைக்கு எல்லாம் ஒன்றே. மேலே அச்சிட்ட எண் அழிந்துபோயிருந்தால் மீட்டர் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேபிளின் நுனியைத் தயார் செய்வதும் தனிக் கைவேலை. முதலில் ஒரு சிறு உலோகக் குழாய்க்குள் கேபிளைக் கோத்துவிட வேண்டும். அதை மறந்து கனெக்டரைப் பொருத்திவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். பிறகு உறையைச் சீவி, பின்னல் வலையை விரித்து, காப்பை அளவாக நீக்கி, நடுக்கம்பியின் மேல் ஊசியை வைத்துக் கிரிம்பிங் டூலால் நசுக்க வேண்டும். ஊசியைக் கனெக்டருக்குள் தள்ளி, வலையை அதன் கழுத்தின்மேல் பரப்பி, கோத்துவைத்த குழாயை மேலே ஏற்றி மறுபடி ஒரு நசுக்கு. வலையிலிருந்து மயிரிழை போன்ற ஒரு கம்பி உள்ளே நுழைந்து ஊசியைத் தொட்டாலும் முழு வரிசையும் ஷார்ட். கிரிம்ப் சரியாக அழுந்தாவிட்டால் லூஸ் காண்டாக்ட்; யாராவது நாற்காலியை இழுக்கும்போது மட்டும் வலையமைப்பு போகும், அவர் உட்கார்ந்ததும் வந்துவிடும்.

பயன்படுத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கணினியை எடுத்துப் போக வேண்டுமானால் ‘டி’யைக் கணினியிலிருந்து கழற்றலாம், யாருக்கும் பாதிப்பில்லை. ‘டி’யிலிருந்து கேபிளைக் கழற்றக் கூடாது. கழற்றினால் வரிசை இரண்டாகப் பிளக்கும், இரு பாதிக்கும் ஒரு நுனி வெறுமையாகும், இரண்டும் நிற்கும். ‘டி’யைக் கணினியின் முதுகிலேயே நேராக மாட்டவேண்டும் என்பதும் விதி. மேசைக்குக் கீழே ‘டி’யை வைத்துவிட்டு அங்கிருந்து ஒரு கேபிளைக் கணினிக்கு இழுத்தால், அந்தக் கிளைக் கேபிளே எதிரொலிக்கும் நுனியாகிவிடும்.

கோளாறு வந்தால் நெட்வொர்க் ஆட்கள் முதலில் தேடியது மல்டிமீட்டரைத்தான். எல்லாக் கணினிகளையும் நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு ‘டி’யைக் கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி உடலுக்கும் இடையே மின்தடையை அளப்பார்கள். கேபிளின் சொந்த மின்தடையையும் சேர்த்து 25 ஓமும் சற்றுக் கூடுதலும் காட்டினால் இரண்டு நுனியும் நலம். 50-ஐ ஒட்டிக் காட்டினால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, அல்லது டெர்மினேட்டர் இல்லை. சுழியத்தை நெருங்கினால் எங்கோ ஷார்ட். எந்தப் பக்கம் என்று தெரிய, வரிசையின் நடுவில் பிரித்து, பையில் வைத்திருக்கும் உபரி டெர்மினேட்டரை அங்கே மாட்டுவார்கள். எந்தப் பாதி உயிர்பெறுகிறதோ அது நல்ல பாதி. மற்றதை மறுபடி பாதியாக்கித் தேட வேண்டும். 30 கணினி வரிசையில் ஐந்தாறு முறைக்குள் ஆள் சிக்கிவிடுவான். ஒரு கணினியின் அட்டை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு ‘டி’யின் இரு கைகளிலும் டெர்மினேட்டர் மாட்டி, அதை மட்டும் தனியாகச் சோதிப்பார்கள். அதுவே கேபிள் இல்லாத ஒரு முழு வலையமைப்பு.

தொல்லை கொடுத்த எதிரொலியையே துப்பறிய வைத்ததும் உண்டு. துடிப்பை அனுப்பி, அது திரும்ப ஆகும் நேரத்தை அளந்தால் கேபிள் எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதற்கென்று விலை உயர்ந்த கருவிகள் இருந்தன. இன்டெல்லின் 82586 ஈதர்நெட் சில்லுக்குள்ளேயே இந்தச் சோதனைக்கான கட்டளை ஒன்றை வைத்திருந்தார்கள். அந்த வசதியைப் பயன்படுத்தியவர்களைவிட மல்டிமீட்டரை நம்பியவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.

சில டெர்மினேட்டர்களில் ஒரு சிறு சங்கிலியோ கம்பியோ தொங்கும். கேபிளின் வெளி வலையை எர்த் செய்வதற்கு அது. ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்யலாம். இரு முனையிலும் செய்து, அவை வெவ்வேறு மின் இணைப்புள்ள கட்டடங்களில் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டில் கேபிளின் வலை வழியாகவே மின்னோட்டம் பாயத் தொடங்கிவிடும்.

1990-ல் 10பேஸ்-டி விதிமுறை வந்ததும் காட்சி மாறியது. தொலைபேசி வகை முறுக்குக் கம்பி, நடுவில் ஒரு ஹப், ஒவ்வொரு கணினிக்கும் தனி இணைப்பு. ஒருவர் கேபிளைப் பிடுங்கினால் அவர் மட்டுமே போவார். கோஆக்சியல் முறை இதன்முன் நிற்க முடியாமல் போனதற்கு வேகத்தைவிட இதுதான் பெரிய காரணம். ஒரு மேசையில் நடக்கும் கவனக்குறைவுக்கு முழு அலுவலகமும் தண்டனை அனுபவிக்கும் ஏற்பாட்டை யார்தான் விரும்புவார்கள்? ஐஇஇஇ அமைப்பின் விதிமுறைகளில் தடிக் கேபிளைப் புதிதாகப் போடவேண்டாம் என்று 2003-லும், மெல்லிய கேபிளை 2011-லும் ஒதுக்கிவைத்தார்கள். டெர்மினேட்டர் மறைந்துவிடவில்லை. 100 ஓமாக மாறி, கணினிக்குள்ளும் ஹப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணில் படாததால் யாரும் கழற்றுவதில்லை.

ஒரே கம்பியில் எல்லோரையும் கோக்கும் முறை வாகனங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ இணைப்பில் எஞ்சின், பிரேக், டேஷ்போர்டு எல்லாம் ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. இரு நுனியிலும் 120 ஓம். கார் மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பரிசோதனை சாக்கெட்டின் 6, 14 ஊசிகளுக்கிடையே மீட்டரை வைக்கிறார். 60 ஓம் காட்டினால் நிம்மதி, 120 காட்டினால் ஒரு நுனி போய்விட்டது. 25-ம் 50-ம் பார்த்த பழைய நெட்வொர்க் ஆளின் அதே கணக்குத்தான். ஈதர்நெட்டும் 2019-ல் இந்தப் பாதைக்குத் திரும்பியது. அந்த ஆண்டு ஒப்புதல் பெற்ற 10பேஸ்-டி1எஸ் விதிமுறை, கார்களுக்கும் தொழிற்சாலைகளுக்குமாக, ஒரே ஜோடிக் கம்பியில் எட்டு சாதனங்களையாவது, 25 மீட்டர் வரையாவது கோக்க வழிசெய்கிறது. வேகம் பழையபடி நொடிக்கு ஒரு கோடி பிட். பேசும் முறை வந்தால்தான் பேசலாம் என்ற ஏற்பாட்டையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்; அதைப் பயன்படுத்தினால் மோதலுக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கம்பிக்கும் இரண்டு நுனியிலும் மின்தடை வைத்தே ஆகவேண்டும். இந்த முறை 100 ஓம்.